மெதுவாகப் பேசத் தெரியாதவள்

என் ஓரகத்திக்கு ரகசியம் பேச வராது. சமையலறையில் நின்று "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று அவள் என் காதில் சொன்னால், தெருமுனை வீட்டுக்காரி மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டு, தான் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அண்ணனை அவள் கட்டிக்கொண்டாள், தம்பியை நான் கட்டிக்கொண்டேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு தொண்டைகள். அவள் பெரியவ, நான் சின்னவ. வீட்டிலும் ஆலையிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் எங்கேயோ கிடந்தன.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு இந்த அமைதியைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது.

இரண்டு பேரும் நெசவாலையில் தறி ஓட்டினோம், பக்கத்துப் பக்கத்தில். தறிக்கூடத்துக்குள் முதல்முறை வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அத்தனை தறியிலும் ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓடும். தரை அதிரும், பல் அதிரும், தூக்குவாளிக்குள் இருக்கும் தண்ணீர்கூட நடுங்கும். அங்கே வாயால் பேசிக் காதால் கேட்பது நடக்கிற காரியமா? நாங்கள் கண்ணால் கேட்டோம். உதட்டை அசைத்தால் போதும், நாலு தறி தள்ளி நிற்பவள் பதில் சொல்லிவிடுவாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. சில மாதம் நின்றால் தானாகப் பழகிவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் காது அடைத்துக் கிடக்கும். அதனால் கத்துவோம். உள்ளே சத்தமே இல்லாத பேச்சு, வெளியே ஊருக்கே கேட்கிற பேச்சு. நடுவில் மற்றவர்கள் வைத்துக்கொண்டிருக்கிற சாதாரணக் குரல் எங்களிடம் இல்லாமலே போய்விட்டது.

வீட்டிலும் இந்த வித்தை உதவியது. மாமியார் நடுவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அவர் தலைக்கு மேலே நாங்கள் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். பாவம், தங்கமான மருமகள்கள் தன் முன்னால் வாயே திறப்பதில்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினார். பெரியவளுக்கு ஒரே மகள். அவள் இந்த உதட்டுப் பேச்சுக்கு நடுவில்தான் தவழ்ந்தாள். மிட்டாய் டப்பாவை எங்கே ஒளிக்கலாம் என்று நாங்கள் சத்தமில்லாமல் பேசி முடிப்பதற்குள் டப்பா காலியாகியிருக்கும். அப்புறம் அவள் விடுதியில் தங்கிப் படித்தாள், நாகரிகமாகப் பேசப் பழகினாள். இதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருக்கும் என்றே நினைத்தோம்.

ஆலை ஆற்றுக்கு ஒரு பக்கம், எங்கள் தெருக்கள் பாலத்தைத் தாண்டி மறுபக்கம். அக்கரைக்காரர்கள் என்று எங்களுக்குப் பெயர். அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்லில் ஒன்றுமில்லை, சொல்கிற மூஞ்சியில் இருந்தது. கடைக்காரர் சில்லறையை எங்கள் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பார். ஆஸ்பத்திரியில் பெஞ்சு காலியாக இருந்தாலும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். எனக்கு உடனே நாக்கு நீண்டுவிடும். திட்டித் தீர்த்துவிட்டு வருவேன். வந்த வேலை மட்டும் நடந்திருக்காது.

பெரியவள் வேறு ரகம். அற்பமானவர்களிடம் அவள் வாயைத் திறக்க மாட்டாள். "கைல வேலை கெடக்கு" என்று போய்விடுவாள். ஆனால் ஒருவர் வாயிலிருந்து வருகிற சொல் நம் பிள்ளையின் வாழ்க்கையில் போய் விழும் என்றால் விட மாட்டாள். திட்டவும் மாட்டாள். புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது தலைமையாசிரியை அவளை அதே வகுப்பில் நிறுத்திவைக்கப் பார்த்து, "உங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராதும்மா" என்று சொல்லியிருக்கிறார். அப்படியா டீச்சர், அது பாலத்தைத் தாண்டும்போது வராமல் போகுதா, இல்லே பொறக்கும்போதே வராதா, எங்களுக்கு எங்கே தெரியும், நீங்கதான் விளக்கணும் என்று இவள் நின்றுவிட்டாள். தலைமையாசிரியை விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்திலேயே தான் என்ன சொல்கிறோம் என்று அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அத்தோடு நிறுத்திக்கொண்டு பிள்ளையை அடுத்த வகுப்பில் உட்கார வைத்தார். சொன்னவர்களையே திரும்பச் சொல்ல வைத்தால் போதும், பாதிப் பேருக்கு அதுவே தாங்காது என்பாள் பெரியவள். மீதிப் பாதிப் பேருக்கு என்ன செய்வது என்று நான் கேட்டால், அதற்குத்தான் நீ இருக்கியே என்பாள்.

இப்போது மேனேஜர் கதைக்கு வருகிறேன்.

தறிக்கூடத்தின் ஒரு கோடியில், இரும்புப் படி ஏறிப்போனால் மேலே கண்ணாடி அறை. மேனேஜர் அங்கே உட்கார்ந்தபடியே எல்லாத் தறிகளையும் பார்க்கலாம். எங்களைப் பார்ப்பதற்காக அதைக் கட்டினார்கள். நாங்களும் அவரைப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழைய மேனேஜர் தறியிலிருந்து மேலே போனவர், விஷயம் தெரிந்த மனுஷன். முக்கியமான பேச்சு என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். புதியவர் வெளியிலிருந்து வந்தவர். கதவைச் சாத்திவிட்டால் கடவுளுக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் போனில் சம்சாரத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வதை எல்லாம் நாங்கள் தறி ஓட்டிக்கொண்டே பார்ப்போம். மத்தியானத்துக்கு முன்னால் அந்த அம்மா போன் செய்யவில்லை என்றால் எங்களுக்குப் பொழுதே போகாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. காசில்லாமல் கிடைத்த சினிமாவை யார் நிறுத்துவார்கள்?

அந்தச் சமயத்தில் மேலே ஆபீசில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். பெரியவளின் மகள் படிப்பை முடித்து வந்திருந்த நேரம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் யாரும் கிடையாது. தன் பெண் நாற்காலியில் உட்கார்வதைத் தறியிலிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் பெரியவளின் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவள் பட்டு நான் பார்த்ததில்லை. நேர்காணலுக்கு முதல் நாள் பெண்ணின் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள், இன்னொரு முறை போட்டாள், நான் பிடுங்கி வைக்காவிட்டால் துணி கருகியிருக்கும்.

மறுநாள் பெண் மேலே போனாள். நாங்கள் கீழே தறியில் நின்றோம். மேனேஜர், பக்கத்தில் ஹெட் கிளார்க், எதிரில் எங்கள் பெண். அவள் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேனேஜர் சிரித்த முகமாகப் பேசினார். நல்லா அடிக்கறீங்களே, சொல்லி அனுப்பறோம் என்றார். நான் அவர் உதட்டைப் படித்துப் படித்துப் பெரியவளுக்குச் சொன்னேன். அவளும் படித்துக்கொண்டுதான் இருந்தாள், இருந்தாலும் சொன்னேன். பெண் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

படியில் அவள் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேலே மேனேஜரின் உதடு அசைந்தது.

"என்னதான் படிச்சாலும் அக்கரை அக்கரைதான். ரூமே நாறுது. ஜன்னலைத் திறங்க."

ஹெட் கிளார்க் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

கூடம் முழுக்க அதைப் பார்த்தது. சில பேர் எங்களைப் பார்க்க முடியாமல் நூலை முடிவதுபோலக் குனிந்துகொண்டார்கள். படியின் கடைசியில் எங்கள் பெண் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எனக்குக் கையசைத்தாள். பெரியவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டினாள். பெண் வாசல் பக்கம் போகும் வரைக்கும் அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்துவைத்திருந்தாள்.  கையில் இருந்த நாடாக்கட்டையை அந்தக் கண்ணாடியைப் பார்த்து விட்டெறியலாமா என்று எனக்கு வெறி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

பெரியவள் தன் தறியை நிறுத்தினாள். பார்த்துக்கொள் என்று எனக்குச் சைகை செய்தாள். போகாதேக்கா, உன் வேலையும் போகும், அவள் வேலையும் போகும் என்று நான் உதட்டால் கெஞ்சினேன். என்னுடைய வாயே அப்படிச் சொன்னது என்றால் எவ்வளவு பயந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பி, "மெதுவாத்தான் கேக்கப்போறேன். அவ காதுல விழாம" என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் தறியை விட்டுவிட்டு யாரும் அந்தப் படியில் ஏற மாட்டார்கள். ஏறினால் ஒரே அர்த்தம்: யாருக்கோ கை மாட்டிக்கொண்டது. அதற்காகவே கண்ணாடி அறைக் கதவின் பக்கத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதை அமுக்கினால் கூடம் முழுக்க நின்றுவிடும். பெரியவள் வெளுத்த முகத்தோடு படியேறி வருவதைப் பார்த்த மேனேஜர் பதறிப்போய்க் கதவைத் திறந்தார். இவள் நிலைப்படியில் நின்று என்னவோ சொன்னாள். இரைச்சலில் அவருக்குக் கேட்குமா? அவர் சட்டென்று அந்தச் சுவிட்சை அமுக்கிவிட்டார்.

எல்லாத் தறியும் நின்றது. அப்படி ஒரு நிசப்தத்தை அந்தக் கூடத்தில் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அந்த நிசப்தத்தில் என் ஓரகத்தி ரகசியமாகக் கேட்டாள்.

அவளைப் பொறுத்தவரை அது ரகசியம்தான், சத்தியமாகச் சொல்கிறேன். தலையைக் கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பணிவாகத்தான் கேட்டாள். கூடத்தின் கடைசித் தறி வரைக்கும் கேட்டது. வாசல் வரைக்கும் கேட்டது.

"சார், ஒண்ணு கேக்கணும். என் பொண்ணு கீழ இறங்கும்போது, 'என்னதான் படிச்சாலும் அக்கரை அக்கரைதான், ரூமே நாறுது, ஜன்னலைத் திறங்க'ன்னு சொன்னீங்க. ஹெட் கிளார்க் சார் சிரிச்சாரு. அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. சொன்னா தெரிஞ்சுக்குவேன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை போலிருக்கிறது.

"கதவு சாத்தியிருந்துச்சே" என்றார்.

"கதவு சாத்தித்தான் சார் இருந்துச்சு. கண்ணாடி தெரிஞ்சுது."

அவர் மெல்லத் திரும்பிக் கீழே பார்த்தார். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. இன்று நேற்றல்ல, வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், சம்சாரத்தின் போனும், எல்லாமும் சேர்ந்து புரிந்திருக்க வேண்டும். கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியவள் ஹெட் கிளார்க் பக்கம் திரும்பி, ஜன்னலை எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்டாள். புழுக்கமாக இருந்தது என்று அவர் முனகினார். "என் பொண்ணு உக்காந்திருந்தப்போ புழுங்கலையா சார்?" என்றாள். அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

மேனேஜர் பொத்திய கைக்குள்ளிருந்து, சரி சரி, திங்கட்கிழமை வரச் சொல்லு, இப்போ போய்த் தறியைப் பாரு என்றார். வேறு யாராவது என்றால் அத்தோடு கும்பிட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள். இவள் நகரவில்லை.

"வேலைக்காகக் கேக்கல சார். குடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். அவ சரியா டைப் அடிக்கலேன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இதைச் சொல்லாதீங்க."

அவள் இறங்கி வந்தாள். பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். வாசலில் காவல்காரர் பக்கத்தில் எங்கள் பெண் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பெரியவளின் முகம் செத்துப்போனது. மேனேஜர் முன்னால் கல்லு மாதிரி நின்றவள், பெண்ணைப் பார்த்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த ஜாதி மனுஷன் இல்லை அவர். ஆனால் யாரோடு பேசினாலும் கை வாய்க்குப் போய்விடும். புதிதாக வந்தவர்கள் அவருக்குத் தீராத பல்வலி என்று பரிதாபப்பட்டார்கள். எனக்குக் கொஞ்சமும் பரிதாபம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டார். உன்னால எங்க சினிமா போச்சு என்று தோழிகள் பெரியவளை மாசக்கணக்கில் கரித்துக்கொட்டினார்கள். ஆனால் தினமும் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் திரை ஒரு ஓரமாக விலகும். எங்கள் பெண் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி "சாப்பிடலாமாம்மா?" என்று உதட்டை அசைப்பாள். இவள் தறியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பாள். அவள் ஆசைப்பட்டது அதைத்தானே.

அந்த நாற்காலிக்கு எங்கள் பெண் எப்படிப் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். நேர்காணல் நடந்த அன்று சாயங்காலம் நாங்கள் வேலை விட்டு வந்தபோது பெண் வாசலிலேயே காத்திருந்தாள். மூன்று பேரும் பாலத்தில் நடந்தோம்.  பாலத்தின் நடுவில் பெரியவள் நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மெதுவாத்தான் கேட்டேன். உன் காதுல அது விழவே கூடாதுன்னு நெனச்சேன். என் தொண்டை இப்படி" என்றாள். அதையும் கத்தித்தான் சொன்னாள். சைக்கிளில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அந்த வேலை உனக்கு வேண்டாம், அவன் மூஞ்சியில் நீ முழிக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

பெண் அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் எங்கள் பேச்சைப் பேசினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. படி திரும்பற எடத்துல இன்னொரு தடவை வணக்கம் சொல்லலாம்னு திரும்பினேன். பாத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்துட்டியா, அப்புறம் எதுக்குடி பல்லெல்லாம் தெரிய இறங்கி வந்தே என்று கேட்டேன்.

"கீழ நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நின்னீங்களே சித்தி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க அழுதேன். பெண் இப்போது குரலைத் திறந்து, திங்கட்கிழமை போகத்தான் போகிறேன் என்றாள். டைப் சரியாக அடிப்பேன், அப்புறம் என்னைப் பற்றிச் சொல்ல அந்த ஆளுக்கு என்ன இருக்கும், பார்க்கலாம் என்றாள். அது பெரியவள் ரத்தமா, என் ரத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெரியவள் இஸ்திரி போட்ட அந்தச் சட்டையின் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "காலைல சாப்பிட்டது. பசிக்குதாடி?" என்றாள்.

அவள் மெதுவாகப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பாலத்தில் போன யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்கே அவள் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.